இருபத்திரண்டு அங்குலத்தில் ஒரு சாலை

கண்ணாடிக்காரனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: பெரிதாக்கு. மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருடமாக லென்ஸ் தேய்க்கிறவன் வேறென்ன சொல்லுவான்? எழுத்து தெரியவில்லையா, பெரிதாக்கு. ஊசியில் நூல் கோக்க முடியவில்லையா, பெரிதாக்கு. அவனுக்கு அக்கா வைத்திருந்த பட்டப்பெயரே பூதக்கண்ணாடி.

அந்த அக்காவுக்குத்தான் இப்போது பார்வை சுருங்கிக்கொண்டு வந்தது. இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவள். ஒரு கீறல் கிடையாது, ஒரு புகார் கிடையாது. போன வருடம் லைசென்சைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் தம்பி வீட்டுப் பின்னறைக்குக் குடிவந்தாள். கண் டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். நடுப்பார்வை நன்றாக இருக்கிறது, பொடி எழுத்தைக்கூடப் படிப்பார்கள், பக்கப்பார்வைதான் போய்விட்டது, ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல என்றார். கண்ணாடிக்காரன் எல்லாம் தெரிந்தவன் போலத் தலையாட்டினான். தலையாட்டிவிட்டு நேரே கடைக்குப் போய், இருந்ததிலேயே பெரிய டி.வி.யை வாங்கிக்கொண்டு வந்தான். காதில் விழுவது வேறு, கைப்பழக்கம் வேறு.

டி.வி.யோடு ஒரு வீடியோ கேம் பெட்டியும் வந்தது. ஸ்டியரிங், பெடல் எல்லாம் வைத்துப் பேருந்து ஓட்டுகிற விளையாட்டு. நிறுத்தத்தில் நிறுத்த வேண்டும், ஆள் ஏற்ற வேண்டும், நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அக்காவின் முகம் அன்றைக்கு மலர்ந்ததைப் பார்த்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியை டி.வி.க்கு முன்னால் இழுத்துப் போட்டு, இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டு, அவளை உட்கார வைத்தான்.

முதல் வளைவிலேயே பேருந்து சுவரில் போய் முட்டியது. இரண்டாவது தடவை நடுத்திட்டில் ஏறியது. மூன்றாவது தடவை, நிறுத்தத்தில் நின்ற ஆட்களை அப்படியே விட்டுவிட்டுப் போனாள். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பித் தேடினாள்.

"ரோடு எங்கடா போச்சு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அப்புறம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து அவள் பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். தூக்கம் இல்லை, சும்மா மூடிக்கொள்வதுதான். தட்டைக்கூடத் தடவித் தடவி எடுத்தாள். அவன் பதறிப்போய்க் கேட்டபோது சொன்னாள்:

"பழகிக்கிறேன்டா. எப்படியும் வரப்போறதுதானே? இப்பவே பழகிட்டா அப்ப வலிக்காது."

இருக்கிற பார்வை இன்னும் பல வருடம் நிற்கலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். அதைத் தன் கையாலேயே சாத்திப் பூட்டுகிறாளே!

"திங்கக்கிழமை அந்த ஸ்டியரிங்கைக் கடையில திருப்பிக் குடுத்துடு. இனி அந்தப் பேச்சே எடுக்காத" என்றாள் அக்கா. கெஞ்சிக் கூத்தாடி அவன் வாங்கிய சலுகை ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசியாக ஒரே ஒரு தடவை. அதிலும் ரோடு தெரியவில்லை என்றால் அவள் கண்ணைத் திறக்கப்போவதே இல்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து, அவன் மனைவியின் அண்ணன் தன் இரண்டு பெண்களோடு கால்பந்துப் போட்டி பார்க்க வந்து இறங்கினார். மச்சான் சோபாவில் ஒருமுறை சாய்ந்துவிட்டால் கிரேன் வைத்துத்தான் தூக்க வேண்டும். பெரிய டி.வி. அவர் வசம் போயிற்று. கண்ணாடிக்காரன் கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவில் குட்டி போட்ட பூனையாக அலைந்தான்.

"எதுக்கு இப்படி அலையறீங்க? என் மானிட்டர்ல மாட்டுங்க" என்றாள் மனைவி. வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள். அவளுடைய கம்ப்யூட்டர் மானிட்டர் இருபத்திரண்டு அங்குலம்.

"இதுலயா? டி.வி.யிலயே தெரியல. இந்தப் பொடித் திரையில அக்காவுக்கு என்னத்த தெரியும்?"

"மாட்டித்தான் பாருங்களேன். நேரம் போகுதில்ல?"

வேறு வழியில்லாமல் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனான். அக்கா ஜன்னல் பக்கத்து நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அவன் மேசையை அவள் முன்னால் நகர்த்தினான், ஸ்டியரிங்கை விளிம்பில் முடுக்கினான், பெடலைக் காலடியில் தள்ளினான்.

மாட்டுவது லேசான காரியமாக இல்லை. கேம் பெட்டியின் வயர் முனை சின்னது. மானிட்டரின் முதுகில் இருந்த துளையோ அகலமாக, இரண்டு பக்கமும் திருகாணியோடு, பழங்காலத்து ஆசாமி. இரண்டும் ஒட்டவே ஒட்டாது. மனைவி மேசை இழுப்பறையைக் குடைந்து, இரண்டையும் சேர்த்து வைக்கிற ஒரு கன்வெர்ட்டரைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். மாட்டினான். 'சிக்னல் இல்லை' என்றது திரை. மானிட்டரின் அடியில் இருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கி, எந்த வழியாகப் படம் வருகிறது என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தான். இப்போது 'இந்த அளவு ஏற்காது' என்றது. பெட்டி இன்னும் பெரிய டி.வி.யின் நினைப்பிலேயே இருந்தது. அதை அணைத்து, பவர் பொத்தானை இரண்டாவது 'பீப்' கேட்கிற வரைக்கும் அமுக்கிப் பிடித்து எழுப்பினான். படத்தின் அளவைக் குறைத்தான்.

படம் வந்தது. சத்தம் வரவில்லை. மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது.

படத்தைவிட சத்தத்தைத்தான் அவன் நம்பியிருந்தான். எஞ்சின் சத்தத்தை வைத்தாவது கொஞ்ச தூரம் ஓட்டுவாள் என்று நினைத்திருந்தான்.

"அக்கா, சத்தம் இல்ல. திரையும் ரொம்பச் சின்னது. கோவிச்சுக்காத" என்று சொல்லிக்கொண்டே, மானிட்டரை இழுத்து அவள் மூக்குக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தான். "இப்ப கண்ணத் தொற."

அக்கா திறந்தாள். பிறகு கையை நீட்டி மானிட்டரைப் பின்னால் தள்ளினாள்.

"ஐயோ, ஏன்க்கா தள்ளுற? தெரியாது."

"சும்மா இருடா பூதக்கண்ணாடி. இன்னும் தள்ளு."

அவன் ஒரு சாண் தள்ளினான்.

"இன்னும்."

மேசையின் கடைசி விளிம்பு வரைக்கும் போயிற்று மானிட்டர். அதற்கு மேல் போனால் விழுந்துவிடும்.

"நிறுத்து. அங்கயே வை" என்றாள். அவள் குரல் மாறியிருந்தது. "ரெண்டு ஓரமும் தெரியுதுடா."

ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பேருந்து புறப்பட்டது.

வலது பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள், இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள், இண்டிகேட்டர் போட்டாள். அன்றைக்கு முட்டிய அதே வளைவு. அங்குலம் பிசகாமல் திரும்பினாள். நிறுத்தத்தில் ஆட்களை ஏற்றினாள். அறையில் ஒரு சத்தமும் இல்லை. காதால் ஊகித்து ஓட்ட அங்கே ஒன்றுமே இல்லை. கண்ணால்தான் ஓட்டினாள், முழுக்க முழுக்கக் கண்ணால்.

ஊரைத் தாண்டிப் பாதை மலையில் ஏறியது. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பாறை. தூரத்தில் வெயில் பட்ட சிகரங்கள் ஒன்றன் பின் ஒன்றாக எழுந்து வந்தன. "அம்மாடி!" என்றாள் அக்கா, வாய் திறந்தபடி. கையும் காலும் மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்தன.

அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. கூடத்து வாசலுக்குப் போய், கைவிரல்களைக் குழாய் மாதிரி மடித்து ஒற்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு பெரிய டி.வி.யைப் பார்த்தான். ஒரு ஆட்டக்காரனின் முழங்கால் தெரிந்தது. கொஞ்சம் புல். யாருடைய காதோ ஒன்று. பந்து எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் மச்சான் "கோல்!" என்று கத்தினார்.

திரும்பி வந்து அதே கைக்குழாய் வழியாக அந்த இருபத்திரண்டு அங்குலத்தைப் பார்த்தான். மலை, பள்ளம், பாறை, வானம், சாலையின் இரண்டு ஓரங்கள், கண்ணாடிகள் இரண்டும் என்று மொத்தமும் அந்தச் சின்ன ஓட்டைக்குள் அடங்கியிருந்தது. இவ்வளவு பெரிய உலகத்துக்கு இவ்வளவு இடம் போதுமா? பதினெட்டு வருடம் கண் தொழில் பார்த்தவனுக்கு, சின்னதாக்கினால் தெரியும் என்கிற விஷயம் இன்றைக்குத்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தையும் மீறி, கோயிலுக்குள் நிற்பது போல மனசு ஒடுங்கி நின்றது.

கடைசி நிறுத்தத்தில் பேருந்தை நிறுத்தி, அக்கா ஹேண்ட்பிரேக்கைப் போட்டாள். அவன் பக்கம் திரும்பினாள். வழக்கம் போல அவன் குனிந்து அவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனான்.

"என்னக்கா, தண்ணி வேணுமா?"

"தள்ளி நில்லு."

"என்ன?"

"தள்ளி நில்லுன்னேன். ஒரு வருஷமா எல்லாரும் கிட்டக் கிட்ட வந்துதான் பேசறீங்க. வந்தா உன் மூக்கு தெரியுது. இல்லேன்னா வாய் தெரியுது. உன்னைப் பாத்து ஒரு வருஷம் ஆச்சுடா."

"சொல்லியிருக்கலாமேக்கா."

"பாசமா கிட்ட வர்றவனைத் தள்ளிப் போன்னு எப்படிடா சொல்றது?"

அவன் பின்னால் நடந்தான். கதவைத் தாண்டி நடைக்குப் போனான். "இன்னும்" என்றாள். முதுகு எதிர்ச்சுவரில் முட்டுகிற வரைக்கும் போனான்.

அக்கா பார்த்தாள். தலையைத் திருப்பாமல், தேடாமல், உச்சி முதல் பாதம் வரை ஒரே பார்வையாகப் பார்த்தாள்.

"ஏன்டா இப்படி இளைச்சுட்ட?" என்றாள்.

அவன் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினான்.

"ஆடாத. நான் இன்னும் பாத்து முடிக்கல."