ஒன்பதாம் பாடம்

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, படிக்கட்டு ஏறினால் வரும் புத்தகக் கடையில், வனிதா கைக்கு ஒரு புத்தகமாகப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். வலது கையில் இருந்தது தடியானது. வழுவழுப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் கலர் படம், எல்லாம் இங்கிலீஷ். இடது கையில் இருந்தது தமிழில், கறுப்பு வெள்ளையில், பள்ளிக்கூட நோட்ஸ் மாதிரி ஒல்லியாக இருந்தது. அதன் அட்டையில் ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டும் போட்டோஷாப் கற்றுக்கொள்வதற்கான புத்தகங்கள்தான். பத்தாவது வரை படித்த வனிதாவுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனாலும் தடிப் புத்தகத்தையே வாங்கினாள். முதலாளி கண்ணில் படுகிற மாதிரி மேஜைமேல் வைக்க அதுதான் லாயக்கு என்று தோன்றியது. புத்தகத்தை அப்படியா வாங்குவார்கள் என்று கேட்டால், இல்லைதான். பயத்தில் இருப்பவளுக்கு அதெல்லாம் எங்கே ஓடுகிறது.

இரண்டு வருஷமாக அவள் வேலுமணியின் பிளெக்ஸ் கடையில் போர்டு வெட்டி, ஓரம் மடித்து, கயிறு கட்ட ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். டிசைன் செய்துகொண்டிருந்த பெனிஸ் போன மாதம் திருப்பூருக்குப் போய்விட்டான். போகும்போது தான் செய்த வேலை அத்தனையையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு, கடைக் கம்ப்யூட்டரில் இருந்த டிசைன்களை ஒன்றுவிடாமல் அழித்துவிட்டான்.

"கோயமுத்தூர்ல இருந்து ஒரு ஆளு வரேன்னு சொல்லியிருக்கான் அம்மிணி. இருபது நாள்ல நீ கத்துக்கிட்டீன்னா சீட்டு உனக்கு" என்றார் வேலுமணி. "கல்யாண போர்டெல்லாம் மெதுவாப் பண்ணிக்கலாம். சாவு போர்டு ஒரு மணி நேரத்துல வந்தாகோணும். பொணத்த எடுத்ததுக்கப்புறம் போர்டு போயி என்ன பண்றது? கூட்டமா நிக்கிற போட்டோவுல இருந்து ஒரு ஆள மட்டும் சுத்தமா வெட்டியெடுத்து, ஒரு கண்ணீர் அஞ்சலி பண்ணிக் காட்டு. போதும்."

அவளுக்கு அந்த நாற்காலி வேண்டும். தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த அவள் புருஷன் இருளப்பனுக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே வந்தது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கோவை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். தொழிலாளிகளுக்கு எஸ்டேட் கொடுக்கும் லயத்து வீடு அவன் பேரில் இருந்தது. அவன் போனால் வீடும் போகும். ஏழாவது படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று வனிதாவுக்குத் தெரியவில்லை.

இருளப்பன் படுத்தபடியே தடிப் புத்தகத்தைப் புரட்டினான். பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

"கடைக் கம்ப்யூட்டர்ல என்னா நம்பரு?"

"நம்பரா?"

"போட்டோஷாப்புக்கு நம்பர் இருக்குமில்ல." மூச்சு வாங்கிக்கொண்டான். "மெஷின் நம்பரப் பாக்காம மேனுவல் எடுத்தா, அதுல இருக்கிற போல்ட்டு இதுல இருக்காது."

வேலுமணிக்குப் போன் போட்டாள். அவர் எழுந்துபோய்ப் பார்த்து, ஏழு என்றார். பெனிஸ் காலத்துக்கும் முந்தையது, ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டுவைத்தது. தடிப் புத்தகமோ நேற்று வந்த புது வகைக்கானது. ஒல்லிப் புத்தகத்தின் அட்டையில் சிரித்தவளின் தலைக்குமேல் பெரிதாக ஏழு போட்டிருந்தது இப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. மறுநாள் மாற்றப் போனாள். பல வருஷமாக விலைபோகாத சரக்கு நகர்கிறதே என்ற சந்தோஷத்தில் கடைக்காரர் விலை வித்தியாசத்துக்கு ஒரு ஸ்கூல் அட்லஸைக் கொடுத்து அனுப்பினார்.

புத்தகத்தை முதலில் படித்தவன் இருளப்பன்தான். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவன் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தான். எந்த மேனுவலிலும் பழுது பார்க்கிற பகுதி கடைசியில்தான் இருக்கும், அதைத் தெரிந்துகொண்டால் மற்றது தானாக வரும் என்பது அவன் கட்சி. மூன்று நாளில் முடித்துவிட்டு அவளிடம் கொடுத்தபோது ஒரே ஒரு பக்கத்தின் ஓரம் மடிக்கப்பட்டிருந்தது. பாடம் ஒன்பது, 'குழுப் படத்திலிருந்து ஒருவரைப் பிரித்தெடுத்தல்'. வேலுமணி கேட்டதும் அதுதானே என்று அவள் அதற்குமேல் யோசிக்கவில்லை.

கடையில் சாப்பாட்டு நேரம் முழுவதும் மௌஸைப் பிடித்தாள். காலண்டர் படத்திலிருந்து ரோஜாவை வெட்டினாள், சோப்பு விளம்பரத்திலிருந்து குழந்தையை வெட்டினாள். பத்து நாளில் கை படிந்துவிட்டது. ஆனால் முதலாளிக்குக் காட்ட நிஜமான ஆட்கள் நெருக்கியடித்து நிற்கும் படம் வேண்டும். பக்கத்து வீட்டு விஜயாவிடம் கேட்டபோது அவள் ஆசையாகப் போனை நீட்டினாள். எதற்கு என்று தெரிந்ததும் நீட்டிய போனை மாரோடு அணைத்துக்கொண்டாள்.

"உசுரோட இருக்கிறவங்கள அந்த போர்டுல வைப்பாங்களா? ஒனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா?"

அதன்பிறகு லயத்தில் யாரும் அவளுக்குப் படம் காட்டவில்லை. குழாயடியில்கூடப் போனை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கையில் இருளப்பன் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் கொடுத்தான். மகளின் காதுகுத்தில் எடுத்தது. கட்டம்போட்ட சட்டையில், கன்னத்தில் சதையோடு, மொட்டைத்தலைப் பிள்ளையை மடியில் வைத்திருந்தான். பின்னால் நின்ற வனிதாவின் கை அவன் தோள்மேல் இருந்தது.

"இத வெட்டு."

"வாய மூடுங்க."

"ஆதார்ல இருக்கிறவன் திருடன் மாதிரி இருக்கான். இப்ப எடுத்தா மூக்குல குழாயோடதான் வரும்." சிரிக்கப் பார்த்து இருமினான். இருமல் அடங்கச் சற்று நேரம் ஆனது. "எப்பிடியும் ஒனக்கு அன்னிக்கு ஒரு மணி நேரந்தான் இருக்கும். அழுதுக்கிட்டே பண்ணுனா தப்பா வரும். இப்பவே பண்ணிடு."

மடித்த பக்கம் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவனை அடிக்க வேண்டும்போல் கோபம் வந்தது. அடுப்படிக்குப் போய், கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடி எடுத்துக் கழுவினாள்.

மறுநாள் கடையில் போட்டோவை ஸ்கேன் செய்து, புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முடி, காது, கன்னம் எல்லாம் பிசிறில்லாமல் வந்தது. மார்புவரை மட்டும் வைத்துக்கொண்டதில் மடியிலிருந்த பிள்ளை படத்துக்கு வெளியே போய்விட்டது. தோளில்தான் சிக்கல். அதன்மேல் இருந்த தன் கையை அழித்தால் அங்கே ஓட்டை விழும். சட்டையின் வேறு இடத்திலிருந்து துணியை எடுத்துக் கையின்மேல் பூசி மறைக்க வேண்டும் என்றது புத்தகம். கட்டத்துக்குக் கட்டம் பொருத்தி, மணிக்கட்டை மறைத்தாள். வளையல் போனது. கட்டைவிரல் போனது. ஒவ்வொரு விரலாகச் சட்டைக்குள் அமுங்கியது. சுண்டுவிரலுக்கு வந்ததும் மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த விரலை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கை வைத்து, கீழே தோற்றம், மறைவு என்று அடித்து, தோற்றத்துக்கு நேரே மட்டும் தேதி போட்டாள். ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது.

வேலுமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். இருளப்பனை அவர் பார்த்ததில்லை.

"அட, பெனிஸ் கெட்டான் போ! அந்த ஆள வர வேண்டாம்னு சொல்லிப்போடறேன். நாளையிலிருந்து நீயே உக்காந்துக்க அம்மிணி." திரும்பப் போனவர் நின்றார். "பேரும் மறைவுத் தேதியும் போடலியே?"

"பார்ட்டி இன்னும் சொல்லலீங்கண்ணா" என்றாள்.

சாயங்காலம் அவள் வீடு சேரும்போது மஞ்சுமூட்டம் லயத்து வாசல்வரை இறங்கியிருந்தது. மகள் அட்லஸை விரித்துவைத்து ஏதோ நாட்டுக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். வனிதா அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, போனில் எடுத்து வந்ததை இருளப்பனிடம் காட்டினாள். அவன் ரிப்பேர் முடிந்த மெஷினைப் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழாகப் பார்த்தான். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான்.

"ஒரு வெரல் நிக்குது, பாத்தியா?"

"தெரியும்."

"போர்டுல பெருசாத் தெரியுமே."

அவன் இன்னும் பெரிதாக்கினான். முகம் போய், விளக்கு போய், கட்டம்போட்ட துணியும் அதன்மேல் ஒரு சுண்டுவிரலும் மட்டும் திரையில் நின்றன. போன் வெளிச்சம் தானாக அணைந்தது. அவன் கட்டைவிரலால் தொட்டு மறுபடி எழுப்பினான். மறுபடி அணைந்தது. மறுபடி தொட்டான்.