கால்புள்ளிக்காரன்

‘உங்களுக்கு அனுமதி இல்லை.’ திரையில் வந்ததை மார்லிஸ் மறுபடியும் படித்தாள். யாருக்கு, அவளுக்கா? மின்னசோட்டாவின் வடகோடி ஊர்களில் பனிவாரி வண்டிகளுக்கு வழி சொல்லும் மென்பொருளைப் பெற்று வளர்த்தவளுக்கா? மாற்றம் யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். அதைச் சேர்க்கும் சாவி சிலரிடம்தான் உண்டு. காலையில் அந்தச் சாவிக்காரர் பட்டியலைத்தான் ஒரு விதி எழுதிச் சுத்தம் செய்தாள்: ஓராண்டாகத் தன் கையால் எதையும் மாற்றாதவர்களின் சாவி தானாகப் பறிபோகும்.

பேருக்குத்தான் பொதுவிதி. குறி வென்டல்மேல். கூடச் சேர்ந்து தொடங்கியவன், சண்டை போட்டுக்கொண்டு போனவன், சாவியை மட்டும் விடவில்லை. முகத்துக்கு நேரே ‘போ’ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. விதி சொல்லட்டுமே என்று விட்டாள்.

விதி சொன்னது, அவளிடமே. ஓராண்டாக அவள் மற்றவர்கள் எழுதியதைப் படித்தாள், குறை சொன்னாள், சேர்த்தாள். தான் ஒரு வரி எழுதவில்லை. வென்டலோ உதவிப் பக்கங்களில் சத்தமில்லாமல் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டே இருந்திருக்கிறான். கால்புள்ளி போட்டே தப்பித்துவிட்டான், கடன்காரன்!

மதியம் பனிப்புயல் வருவதாக இருந்தது. மூடிய பாலம் ஒன்றை வழியிலிருந்து நீக்கும் மாற்றம் அவளுக்காகக் காத்திருந்தது. சேர்க்காவிட்டால் வண்டிகள் அங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கும். வெட்கப்பட நேரமில்லை. வென்டலுக்குப் போன் போட்டாள்.

“அடேயப்பா, மகராசி போன் பண்றாங்க! யார் செத்தா?”

“யாரும் சாகல. நான் எழுதுன ரூலு என்னையே தூக்கிடுச்சு. சாவி இப்ப உன்கிட்ட மட்டும்தான் இருக்கு.”

உறைந்த ஏரிமேல் மீன்பிடிக் குடிசையில் இருந்தான் போல. காற்றின் இரைச்சலை மீறிச் சிரித்தான்.

“அது எனக்கு வச்ச ஆப்புதான?”

“ஆமா, உனக்குத்தான்.”

“ஒத்துக்கிட்டியே, அது போதும். இரு, கையுறையக் கழட்டிக்கிறேன்.”

சாவி வந்தது. பாலத்து மாற்றத்தைப் படித்தாள், சோதித்தாள், சேர்த்தாள். ஜன்னலில் பனி அடிக்கத் தொடங்கியபோது வண்டிகள் சுற்றுவழியில் திரும்பியிருந்தன. இந்த வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை, அது அவளுக்கும் தெரியும்.

அப்புறம்தான் வென்டல் அனுப்பிய புது மாற்றத்தைப் பார்த்தாள். அவளுடைய விதியில் ‘எழுதாதவர்’ என்றிருந்ததை ‘எழுதவோ படிகவோ செய்யாதவர்’ என்று ஆக்கியிருந்தான். கீழே ஒரு குறிப்பு: “அவசரத்துல போட்டேன். நீயே பாத்துத் திருத்திக்க.”

அவசரமாம்! ஊரார் பிழையெல்லாம் பொறுக்கியவனுக்கு இது கண்ணில் படவில்லையாம். மார்லிஸ் வாய்விட்டுச் சிரித்தாள். ‘படி’க்கும் ‘கவோ’வுக்கும் நடுவே சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். இந்த ஆண்டு அவள் கையால் எழுதப்போகும் முதல் எழுத்துக்காக, அங்கே அந்தச் சின்னக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.