மடங்கிய பானெட்

அண்ணனும் தங்கை புருஷனும் பின்னறையில் உட்கார்ந்து ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்துகொண்டிருந்தார்கள். சின்ன வயதில் இருவரும் காசு போட்டு விழுந்து விழுந்து ஆடிய, காரை மோதி நொறுக்கும் பழைய ஆட்டத்துக்கு அது வாரிசு. எல்லாம் சரியாக வந்தது. மோதும்போது பானெட் மட்டும் அட்டைப்பெட்டி மாதிரி மடங்கித் தொலைத்தது. அண்ணனுக்கு அதே பைத்தியம். சாலையில் எந்தக் கார் அடிபட்டுக் கிடந்தாலும் போய்ப் படம் எடுப்பான்.

ஒருநாள் ராத்திரி இருவரும் காரில் வீடு திரும்பினார்கள்; மாப்பிள்ளைதான் ஓட்டினான். கார் ஒரு லாரியின் பின்புறத்தில் போய்ச் சொருகியது. அண்ணனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இறங்கிப் பார்த்தால், பானெட் கூரைபோல் எழும்பி நடுவில் ஒடிந்து நின்றது. அடடா, இப்படித்தானா! கை தானாகப் போனை எடுத்தது.

“மச்சான்...” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“இரு மாப்ள, ஒரு நிமிஷம்.”

குனிந்து பக்கவாட்டிலும் எடுத்தான். அப்புறம்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். அதற்குள் குரல் அடங்கியிருந்தது.

கேம் வெளிவந்தது. பானெட் மடங்கும் அழகைப் பார்த்து ஆடியவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். தங்கை மட்டும் திரையைப் பார்க்காமல் கேட்டாள்.

“அவரு கடைசியா என்னண்ணா சொன்னாரு?”

“என்னைத்தான் கூப்பிட்டான்.”

“நீ என்ன சொன்னே?”