குத்து விழுந்த சுவர்

குவீன்ஸ்டவுனில் பழைய அடுக்குமாடி புளோக் ஒன்றின் ஒன்பதாவது மாடியில், ஜெயரத்தினத்தின் வீட்டு வரவேற்பறைச் சுவரில் ஜார்ஜ் ஃபோர்மனின் குத்து முதன்முதலாக விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அந்த வாரம் மீன் விலை ஏறியிருந்ததால் இரஞ்சிதம் கோழிதான் ஆக்கியிருந்தாள். துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற அவள் கணவர் ஜெயரத்தினமும், லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருந்த ரவூபும் தேசிய சேவைக் காலத்து நண்பர்கள். அவர்கள் ராணுவ முகாமில் ஒரே அறையில் படுத்துக் கிடந்த வருஷம்தான் ஃபோர்மன் ஜோ ஃபிரேசியரை ஆறு முறை தரையில் தள்ளிக் குத்துச்சண்டை உலகப் பட்டத்தைப் பிடித்தார். உலகத்திலேயே கனமான குத்து யாருடையது என்ற வாக்குவாதம் அன்று தொடங்கியது. கல்யாணங்கள், பிள்ளைகள், இரண்டு பேருடைய சர்க்கரை வியாதி எல்லாவற்றையும் தாண்டி அது நடந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு ரவூப் எர்னி ஷேவர்ஸ் என்று சொல்ல, ஜெயரத்தினம் மேசையில் தட்டி "ஃபோர்மன்!" என்று கத்த, எதிர்ச்சுவர் பொத்தென்று உள்ளே வாங்கியது. சுண்ணாம்புத்தூள் பாயசத்தில் விழுந்தது. சோற்றுப்பானையின் அடியை ஈரமண்ணில் அமுக்கியதுபோல் ஒரு பள்ளம். இரண்டு பேரும் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். இரஞ்சிதம் தூள் விழுந்த கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் விழுந்தது. ஃபோர்மனுடையது அகலம், விழுந்தபின் ஜன்னல் கண்ணாடி கொஞ்ச நேரம் அதிரும். ஷேவர்ஸுடையது குறுகலாக, ஆழமாக இறங்கும். மைக் டைசனின் குத்துகள் இரண்டிரண்டாக வந்தன. முதல் சத்தம் காதுக்கு எட்டும்போது இரண்டாவது பள்ளமும் விழுந்திருக்கும். ராக்கி மார்சியானோ உயரம் குறைந்தவர் என்பதால் அவருடையவை சோபாவுக்குப் பின்னால் தாழ விழுந்து, இரஞ்சிதத்தைக் குனிய வைத்துப் பாடாய்ப்படுத்தின. ஜோ லூயிஸின் குத்துக்குச் சத்தமே கிடையாது. மறுநாள் பெருக்கும்போதுதான் பள்ளம் தெரியும். திங்கட்கிழமைகளில் கிளினிக் வரவேற்பு மேசை வேலை முடிந்து வந்து, கரண்டியால் சுவர்ப்பூச்சு மாவு குழைத்து அவள் பள்ளங்களை அடைப்பாள். அடைத்த இடம் காய்வதற்குள் அடுத்த ஞாயிறு வந்துவிடும். பெர்த் நகரத்தில் இருக்கும் மகன் யதீசன் தொலைபேசியில், "அம்மா, வேற வீட்டுக்கு ஷிப்ட் பண்ணிடுங்கம்மா," என்பான். "எந்த வீட்டுக்குப் போனாலும் உங்க அப்பா வாயும் கூடத்தானே வரும்," என்று சொல்லி வைத்துவிடுவாள்.

சுவரைப் பார்க்க வந்த வீட்டு வாரிய அதிகாரி விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, பழைய கட்டடங்களில் இப்படி நடப்பதுண்டு என்று சொல்லிப் போனார். தெம்பனிஸ் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றிலிருந்து இளைஞர்கள் சிலர் அளவுக்கருவியோடு வந்து சுவருக்கு எதிரே நின்று பெயர்களைக் கத்தினார்கள். ஒன்றும் விழவில்லை. விளையாட்டுக்குச் சொன்னால் விழாது. ஒருவரையொருவர் மறுக்கிற இரண்டு பேர் ஆளுக்கொரு பெயரை மனதாரச் சொல்ல வேண்டும்; ஒருவர் மட்டும் சொன்னாலும் விழாது. இரஞ்சிதம் ஒருநாள் தனியாக இருந்தபோது சுவருக்கு முன் நின்று மெதுவாக "லிஸ்டன்" என்று இன்னொரு வீரரின் பெயரைச் சொல்லிப் பார்த்து, வெட்கப்பட்டுக்கொண்டு சமையலுக்குப் போனாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் நஸீஹாவின் சமையலறை. மருத்துவமனையில் தாதி, இரவு வேலை முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள். முதல் மாதங்களில் வந்து, "அக்கா, என் பிளேட்டெல்லாம் விழுதுக்கா, கொஞ்சம் சொல்லுங்க லா," என்று கெஞ்சினாள். பிறகு தட்டுகளை வேறு அலமாரிக்கு மாற்றிக்கொண்டாள். மழையைப்போல அதையும் பழகிக்கொண்டாள்.

அந்த இரண்டு ஆண்கள் வேறு எதையும் பேசி இரஞ்சிதம் கேட்டதில்லை. ரவூபின் மனைவி ஆயிஷா இறந்து நாற்பது நாள் கழித்து அவர் வந்தார். கண்கள் உள்ளே போயிருந்தன, சட்டை தொளதொளத்தது. ஜெயரத்தினம் அவரை உட்கார வைத்து, மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு, "லிஸ்டனோட இடது கைய பத்தி என்ன நினைக்கிற?" என்று கேட்டார். ரவூப் யோசித்துப் பதில் சொன்னார். அன்று லிஸ்டன் சுவரில் பல முறை குத்தினார். போகும்போது ரவூப் இரண்டாவது தட்டுச் சோறு சாப்பிட்டிருந்தார். அடைக்க வேண்டிய பள்ளங்களைப் பார்த்து இரஞ்சிதத்துக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஷேவர்ஸ் இறந்தார். சில ஆண்டுகள் கழித்து ஃபோர்மனும் இறந்தார். அந்தச் செய்தி வந்த அன்று ஜெயரத்தினம் மதியம் சாப்பிடவில்லை. இனிச் சுவருக்கு ஓய்வு என்று இரஞ்சிதம் நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை இருவருடைய குத்துகளும் வழக்கம்போல் விழுந்தன. பலம் குறைந்ததாகத் தெரியவில்லை.

அதே வருஷம், மழைக்காலத்தில், ஜெயரத்தினத்துக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, பேச்சும் போனது. கேட்பதெல்லாம் அவருக்குப் புரிகிறது, ஆனால் பேச்சு திரும்ப வராது என்றார் மருத்துவர். இரஞ்சிதம் வேலையை விட்டாள். அவரைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, சக்கர நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார வைப்பாள். ரவூப் ஞாயிறு தவறாமல் வந்தார். வந்து உட்கார்ந்து, "ஷேவர்ஸ்தான்டா," என்பார். ஜெயரத்தினத்தின் தொண்டையில் ஏதோ உருளும். பெயர் வெளியே வராது. சுவர் சும்மா இருந்தது. அடைத்த பள்ளங்கள் முதன்முறையாக முழுதாகக் காய்ந்தன. இரஞ்சிதம் இளம்பச்சை வாங்கிவந்து பூசினாள். இத்தனை வருஷம் அவள் ஆசைப்பட்ட சுவர் அது. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் இப்போது காய் நறுக்கினாள். ஒருநாள் மின்தூக்கியில் நஸீஹா, "என்னக்கா, சத்தமே இல்ல? எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது," என்றாள். இரஞ்சிதம் அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். ஒன்பதாவது மாடி வந்து கதவு திறந்து, தானே மூடிக்கொண்டது.

பிறகு ஒரு ஞாயிறு ரவூப் மெல்லிய குரலில் தன் செய்தியைச் சொன்னார். கடையைக் கைமாற்றிவிட்டார். மகன் அர்ஃபான் செங்காங்குக்குக் கூப்பிடுகிறான். தூரம், முழங்கால் வலி, இனி அடிக்கடி வர முடியாது. சொல்லிவிட்டு நண்பரின் அசையாத கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"சரிடா ஜெயா. ஃபோர்மன்தான். நான் ஒத்துக்கிறேன். நீதான் ஜெயிச்ச."

ஜெயரத்தினம் இடது கையால் தன் வலது கையைப் பிடித்து அவர் மடியிலிருந்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். திருமணமானதிலிருந்து அவரை அவ்வளவு அவமானப்பட்டு இரஞ்சிதம் பார்த்ததில்லை. தேநீர்க் குவளைகளோடு நின்றிருந்தவள் அவற்றைத் தரையிலேயே வைத்துவிட்டாள்.

"என்ன ரவூப் அண்ணே பேசுறீங்க? பிச்சையா போடுறீங்க?"

"இல்ல தங்கச்சி, பாவம் அவன்..."

"பாவம் பாத்தா இங்க வராதீங்க. இத்தன வருஷம் என் சுவத்த ஒடைச்சிட்டு இப்ப ஒத்துக்கிறீங்களா? உங்க ஷேவர்ஸ் ஒரு தடவையாச்சும் சாம்பியன் ஆனாரா? சொல்லுங்க!"

ரவூப் நிமிர்ந்தார். அந்தக் கேள்வி அவருக்கு எப்போதும் பொறுக்காது. "பட்டத்துக்கும் குத்துக்கும் என்ன சம்பந்தம்? முகமது அலிய ஆட வெச்சவர் அவரு."

"ஆட வெச்சாரு, விழ வெச்சாரா? அலிதானே ஜெயிச்சாரு? ஃபிரேசியரு குத்து வாங்கித் தரைய விட்டே எழும்பினாரு, தெரியுமில்ல? நாப்பத்தஞ்சு வயசில திரும்பி வந்து ஒரே குத்துல பட்டத்த எடுத்தது யாரு? உங்க தாத்தாவா?"

அவளுக்குக் குத்துச்சண்டையில் ஒரு ஆட்டமும் முழுதாகத் தெரியாது. பாத்திரம் கழுவும்போதும் பள்ளம் அடைக்கும்போதும் காதில் விழுந்த கணவரின் வாதங்கள் அவர் குரலின் ஏற்ற இறக்கத்தோடு ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ரவூப் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். முழங்கால் வலியை மறந்திருந்தார். லேரி ஹோம்ஸை ஷேவர்ஸ் சாய்த்ததைச் சொன்னார். எழுந்துவிட்டாரே என்றாள் அவள். ஃபோர்மன் தள்ளுவார், ஷேவர்ஸ்தான் குத்துவார் என்றார் அவர். வந்து இந்தச் சுவரிடம் கேளுங்கள் என்றாள் அவள். ஜெயரத்தினத்தின் தலை இப்போது இவர்கள் பக்கம் திரும்பியிருந்தது. கண்கள் அவளிடமிருந்து அவருக்கும் அவரிடமிருந்து அவளுக்கும் போய்வந்தன. கழுத்து நரம்பு புடைக்க அவள் "ஃபோர்மன்!" என்று கத்தினாள். அதே மூச்சில் அவர் "ஷேவர்ஸ்!" என்று கத்தினார்.

ஒரே ஒரு குத்துதான் விழுந்தது. பச்சைச் சுவரின் நடுவில் செங்கல்லும் சிமெண்டும் அந்தப் பக்கமாகப் போயின. தூசி அடங்கியபோது ஓட்டைக்கு அப்பால் நஸீஹா, மோதிய செங்கல்லால் நெளிந்த வாணலியைக் கையில் பிடித்தபடி நின்றாள். தலைமுடி முழுக்கச் சுண்ணாம்பு. அவளுக்குக் காயம் எதுவும் இல்லை.

"யாருது அக்கா இது?" என்று கேட்டாள்.

ஜெயரத்தினம் இடது கையை நீட்டி, விரல்களை அகல விரித்துக் காட்டினார். அகலத்தைப் பார், ஃபோர்மனுடையது. ரவூப் ஓட்டைக்குள் முழங்கை வரை விட்டுக் காட்டினார். ஆழத்தைப் பார், ஷேவர்ஸுடையது. ஜெயரத்தினம் தலையை ஆட்டி மறுத்தார். ரவூப், "போடா டேய்," என்றார். இரஞ்சிதம் அப்படியே தரையில் உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தாள். அவளுடைய கைகால்கள் எல்லாம் வலித்தன.

ரவூப் செங்காங்குக்குக் குடிபோனார். அங்கிருந்து இரண்டு இடத்தில் ரயில் மாறி, வழியெல்லாம் முழங்காலைத் திட்டிக்கொண்டு ஞாயிறுதோறும் வருகிறார். ஜெயரத்தினத்துக்குப் பேச்சு திரும்பவில்லை. அவருக்காக இரஞ்சிதம் பேசுகிறாள். சில வாரம் களைத்துப்போய்ச் சோபாவில் படுத்துக்கொண்டே பேசுகிறாள். தப்பாகச் சொன்னால் அவர் இடது கையால் நாற்காலியைத் தட்டுவார், அவள் திருத்திக்கொள்வாள். சுவரைக் கொத்தனார் ஒருவர் வந்து அடைத்துப் போனார். மறு ஞாயிறே அது திறந்துகொண்டது, பிறகு யாரும் அடைக்கவில்லை. நஸீஹா தன் பக்கம் ஒரு திரை போட்டிருக்கிறாள், இரஞ்சிதம் இந்தப் பக்கம் ஒன்று. அதன் வழியாகச் சாம்பார் அங்கே போகிறது, நோன்புக் கஞ்சி இங்கே வருகிறது. நஸீஹா வேலைக்குப் போகும்முன் அதன் வழியாகவே எட்டிப் பார்த்து ஜெயரத்தினத்துக்கு இரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போகிறாள். ஞாயிறு மதியங்களில் மட்டும் அந்த இடத்தில் யாரும் நிற்பதில்லை.