முந்தாத கடைசி வண்டி

ஏரியைச் சுற்றி நடந்த முதல் அரை மாரத்தான் இன்னும் முடியவில்லை. மற்ற எல்லோரும் அன்று காலையே ஓடி முடித்து, பதக்கமும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெல்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறார். அவர் கிளம்பியபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த அவருடைய மகள் இப்போது அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு போகிறாள்.

ஓட்டத்தை ஆரம்பித்தவர் லாட்ஜ்காரர். வெளியூர் ஆட்கள் ஏரியை எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்க்கட்டும் என்று, நேராகப் போகிற சாலையை விட்டுவிட்டு, கரையை ஒட்டியே பாதை போட்டார். ஓடுகிறவர்களுக்குப் பின்னால் மெதுவாக ஒரு வேன் வரும். அதற்குக் கடைசி வண்டி என்று பெயர். அது யாரை முந்துகிறதோ அவர் ஓட்டத்தை விட்டுவிட்டதாகக் கணக்கு, பேசாமல் ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். கடைசி ஆள் வந்து சேர்கிறவரை, இல்லை முந்தப்படுகிறவரை, முடிவில் நிற்கும் ஆர்ச்சைக் கழற்றக் கூடாது. இதெல்லாம் விதி. வேன் ஓட்டப் பால் வண்டி டிரைவரைப் பிடித்தார்கள். அவர் வெல்டரின் மைத்துனர் என்பது ஊருக்கே தெரியும், ஆனால் யாரும் அதை யோசிக்கவில்லை.

வெல்டர் பெயர் கொடுத்ததற்குக் காரணம் அவர் வீட்டு கேட். அதற்கு ஒரு கதவுதான் உண்டு. இன்னொன்று வெறும் சட்டமாகப் பட்டறையில் துருப்பிடித்துக் கிடந்தது. வீட்டுக்கு வெளியே அவர் போட்ட இரும்புப் படிக்கட்டு மாடியே இல்லாத இடத்தில் போய் நின்றது. அதில் துணி காயப்போட்டார்கள். மனைவி தையல்காரி. ஒரு மழைநாளில், கதவில்லாத பக்கமாக நாய் புகுந்து, அவள் தைத்து அடுக்கியிருந்த பள்ளிச் சீருடைகளைச் சேற்றில் இழுத்துப் போட்டுவிட்டது. அன்று அவள் தம்பி, அந்தப் பால் வண்டி டிரைவர், சாப்பிட வந்திருந்தார். அவரை வைத்துக்கொண்டே அவள் சொல்லிவிட்டாள்: "நீங்க எதைத்தான் முடிச்சிருக்கீங்க? எதை எடுத்தாலும் பாதியில விடறதுதானே உங்க பொழப்பு." தம்பி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வெல்டர் எழுந்து போய்க் கையைக் கழுவினார். மறுநாள் லாட்ஜுக்குப் போய்ப் பெயர் கொடுத்தார்.

தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நன்றாகத்தான் ஓடி வந்தார். அங்கே முழங்கால் பிசகியது. ஆர்ச்சுக்குப் போகிற கடைசித் திருப்பம் அதற்கு அடுத்ததுதான். அவர் வந்தபோது திருப்பம் அங்கே இல்லை. முன்னால் மறுபடியும் ஏரிக்கரைதான் கிடந்தது. அவர் கூடவே ஓடிப் பார்த்தவர்கள் அந்தத் திருப்பத்தில் திரும்பி, ஆர்ச்சைத் தொட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். நகராட்சி ஆள் டேப் பிடித்து அளந்து, சாலையில் குறை ஒன்றும் இல்லை என்றார். வெல்டர் ஏரியை இன்னொரு சுற்று சுற்றினார், பிறகு இன்னொன்று. பின்னாலேயே மைத்துனர், முதல் கியரில். டீசல் தீரவில்லை. டீசல் செலவாவது மிச்சமாகிறதே என்றார் லாட்ஜ்காரர். முதல் ஓட்டம் முடியாததால் இரண்டாவதை நடத்த முடியவில்லை. அவர் அதற்கும் கலங்கவில்லை. நோட்டீஸில் ஏரிக்குப் பக்கத்தில் வெல்டரின் படத்தையும் போட்டுவிட்டார்.

தையல்காரி முதல் வருடம் வாசலிலேயே நின்றாள். அவர் வீட்டைத் தாண்டும்போது தண்ணீர், சோறு, மாற்றுச் சட்டை எல்லாம் கையில் கொடுத்தாள். மார்பில் இருந்த எண் வெளுக்க வெளுக்கப் புதிதாகத் தைத்துக் கொடுத்தாள். வீட்டு வாடகையும் மகளின் காய்ச்சலும் நூறடி ஓட்டத்துக்குள் பேசி முடிவாயின. அப்புறம் ஒருநாள் வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"முந்துடா. முந்தி, ஏத்திக்கிட்டு வா."

"எப்படிக்கா? மாமா முன்னாடி போறாரு."

"ரோட்டுல லாரியையெல்லாம் முந்தறே இல்ல?"

"லாரிக்கா எங்க அக்காவைக் கட்டிக் குடுத்திருக்கு?" என்றார் தம்பி. கொஞ்ச தூரம் போனதும், சாலையைப் பார்த்தபடியே, "அன்னைக்கு நீ சொன்னதை நான் போயி உண்மையாக்கணுமா?" என்றார்.

அவள் முன்னால் ஓடிப் போய்க் கணவரிடம், சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன், கோபத்தில் வந்த பேச்சு, வாங்க வீட்டுக்கு என்றாள். அவருக்கு அவள்மேல் வருத்தமே இல்லை. "இதோ, கொஞ்ச தூரந்தான்" என்றார்.

வருடங்கள் போயின. அவர் தலை நரைத்தது. கால் இழுக்க ஆரம்பித்தது. அவருக்குப் பின்னால் ஈரச் சாலையில் ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டைப் பார்த்த அன்று அவள் வேனில் ஏறித் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னைக்கு முந்து. பழி என்மேல" என்றாள்.

தம்பி கியரை மாற்றினார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக வேனின் சத்தம் மாறியது. வெல்டர் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் இறங்கியது. வண்டியின் மூக்கு அவர் முழங்கை வரைக்கும் வந்தபோது, அவள் அவர் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தாள். அன்று கை கழுவியபோது இருந்த அதே முகம். உதடு அசைந்துகொண்டிருந்தது. இதோ, இதோ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் தம்பியின் கைமேல் கையை வைத்தாள்.

"வேணாம்டா. பின்னாடியே போ."

அவள் இறங்கவில்லை. அந்த வாரமே தையல் மெஷினை வேனில் ஏற்றினார்கள். மகள் பள்ளி விட்டதும் தண்ணீர்த் தொட்டியருகே நின்று, ஓடுகிற வண்டியில் ஏறிக்கொள்கிறாள். பார்த்து ஏறு என்று தினமும் திட்டு வாங்குகிறாள். ஆர்ச்சுக்கு மழைக்கு முன்னால் பெயின்ட் அடிக்கிறார்கள், லாரிகள் வேறு சாலையில் போகின்றன. கேட்டின் இன்னொரு கதவைச் செய்து தருகிறேன் என்று பக்கத்து ஊர் வெல்டர் கேட்டதற்கு, அது அவர் வேலை, அவர் வந்து முடிப்பார் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் துணி தைக்க எங்கே போவது என்று கேட்டால், ஏரிக்கரையில் நில்லுங்கள், முதலில் வெல்டர் வருவார், அடுத்து தையல்கடை வரும் என்று சொல்கிறார்கள்.