மூடிவைத்த அளவு

அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் ஸ்கேன் அக்கா. காலையிலிருந்து வயிறு வயிறாகப் பார்த்து, மதியத்துக்கு மேல் முகங்களே அவள் மனதில் நிற்காது. தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வலிக்கும். சற்று உட்காரலாம் என்று நினைப்பதற்குள் அடுத்தவள் படுக்கையில் ஏறியிருப்பாள்.

இதில் ஆராய்ச்சி வேறு. தொப்புள்கொடியில் ரத்தம் ஓடும் விதத்தைக் கூடுதலாக ஒரு ஸ்கேனில் அளந்து வைத்தால், நோஞ்சானாகப் பிறக்கப்போகும் பிள்ளையை முன்கூட்டியே கண்டுகொள்ள முடியுமா என்பது கேள்வி. அந்த அளவைத் தாய்க்கும் சொல்லக் கூடாது, அவளைப் பார்க்கும் டாக்டருக்கும் சொல்லக் கூடாது. சொன்னால் வைத்தியம் மாறிவிடும், கேள்வி கேள்வியாகவே நின்றுவிடும். ரொம்ப மோசம் என்று ஒரு கோடு போட்டிருந்தார்கள். அதைத் தாண்டினால் மட்டும் டாக்டரிடம் ஓடலாம்.

பெண்கள் இவள் பேச்சை வைத்தே நல்லது கெட்டதை ஊகித்துவிடுகிறார்கள் என்று பேச்சுக்கும் சட்டம் போட்டார்கள். யார் வந்தாலும் அதே நாலு வார்த்தை: ஜெல் சில்லென்று இருக்கும், மூச்சை இழுங்க, அசையாதீங்க, முடிஞ்சுது. கிளிப்பிள்ளை தோற்றது.

ஆராய்ச்சிக்குக் கர்ப்பிணிகள் போதவில்லை என்று அதை நடத்தும் பெரிய டாக்டர் நச்சரித்தபோது, பிள்ளையுண்டாகியிருந்த தம்பி பெண்டாட்டியைப் பிடித்துச் சேர்த்துவிட்டவள் இவளேதான். இருவருக்கும் நடுவே கொஞ்சல் குலாவல் கிடையாது. விளக்கை அணைக்க மாட்டாள், கதவைச் சாத்த மாட்டாள், வாயை மட்டும் ஓயாமல் திறந்து வைத்திருப்பாள் என்று இவள் குறை சொல்வாள். அந்தப் பெண் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவாள். சொந்தக்காரி என்பதால் அவளுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டியவள் பக்கத்து ஸ்கேன் அறைக்காரி. அன்றைக்கென்று பார்த்து அந்த அறைக்காரிக்குக் காய்ச்சல்; இவளே எடுக்க வேண்டியதாயிற்று.

படுத்ததிலிருந்து தம்பி பெண்டாட்டி, தொட்டில் வாங்கிய கதை, அதைப் பூட்டத் தெரியாமல் தம்பி முழித்த கதை என்று அளந்துகொண்டிருந்தாள். திரையில் கொடியின் ரத்தம் துடிப்புக்குத் துடிப்பு தயங்கித் தயங்கிப் போயிற்று. ஸ்கேன் அக்கா மூன்று தடவை அளந்தாள். மூன்று தடவையும் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான், மயிரிழையில். திரையில் அளவெடுக்கும் குறியைத் துளி நகர்த்தி வைத்தால் தாண்டிவிடும். கை அதற்கு வரவில்லை. காட்டிக்கொடுத்தது வாய்தான்.

"மெதுவா எழுந்திரு. என் கையைப் பிடிச்சுக்கோ கண்ணு."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். ஜெல்லைக்கூடத் துடைக்கவில்லை.

"என்ன அண்ணி, கண்ணுங்கறீங்க?"

"ஏன், சொல்லக் கூடாதா?"

"கல்யாணமாகி இத்தனை நாள்ல ஒரு தடவை சொன்னதில்லையே. பிள்ளைக்கு என்ன?"

"அளவைச் சொல்றதுக்கில்லை. சேரும்போதே சொன்னேன்ல."

தம்பி பெண்டாட்டி ஜெல் ஒட்டிய வயிற்றின் மேல் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நான் இதுலேர்ந்து விலகிட்டா?"

விலகு என்று இவளாகச் சொல்லக் கூடாது. கேட்டால் மறைக்கவும் கூடாது.

"எப்ப வேணா விலகலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை."

"விலகிட்டேன். இப்ப நான் யாரு?"

"எல்லாரையும் போல ஒரு கர்ப்பிணி. பயமா இருந்தா உன் டாக்டர்கிட்ட போய்ச் சொல்லலாம்."

"பயமா இருக்கு அண்ணி."

"அப்ப போ."

டாக்டர் வழக்கமான ஸ்கேனுக்கு அனுப்பினார். பிள்ளை மெலிவு, பனிக்குட நீரும் குறைவு என்று தெரிந்து அன்றே படுக்க வைத்தார்கள். இரண்டாம் நாள் அறுவை செய்து எடுத்தார்கள். பெரிய டாக்டருக்கு மனம் ஆறவில்லை. இந்த மாதிரி ஒரு பிள்ளைக்காகத்தானே ஆராய்ச்சியே, அது கணக்கில் வராமல் போயிற்றே, ஏன் விலகினாளாம் என்றார். காரணம் கேட்கக் கூடாது என்பது உங்கள் சட்டம்தான் என்றாள் ஸ்கேன் அக்கா. பதிலுக்கு அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். அவரும்தான் எத்தனை ராத்திரி விழிப்பார்.

பத்து நாள் கழித்து, வேலை முடிந்து, பச்சைக் குழந்தைகள் அறைக்குள் போய் வந்தாள். கண்ணாடிக்கு வெளியே பெஞ்சில் தம்பி பெண்டாட்டி இருந்தாள்.

"இப்பவாவது சொல்லுங்க அண்ணி. அன்னைக்கு என்ன அளவு வந்துது?"

"சொல்லக் கூடாது."

"நல்ல மனுஷி நீங்க. சரி, உள்ளே எடை போட்டாங்களே, அதையாவது சொல்லலாமா?"

"அதைச் சொல்லலாம்," என்று ஸ்கேன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். "நேத்தைவிட இன்னைக்கு இருபது கிராம் கூடியிருக்கான்."