அழகுத் தரை

அமராவதிபுதூரில் தேனம்மை ஆச்சி வீட்டு முகப்பில் நடப்பவர்களின் இடது கை தானாக உயர்ந்து, பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத யாரையோ பிடித்துக்கொள்ளும். நடையும் பாதியாகக் குறையும். மற்றபடி தரையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆத்தங்குடிக் கல், பளபளப்பும் நன்றாகவே வந்திருந்தது.

கல்லுக்கு டிசைன் வரைந்தவள் யோகலட்சுமி. அவள் தம்பி அழகுக்குப் பிறந்ததிலிருந்தே வலது கால் இழுக்கும், பேச்சும் வராது, உள்ளங்கை எந்நேரமும் வேர்த்திருக்கும். பள்ளிக்கூடம், சந்தை, திருவிழா, எங்கே போனாலும் அவளுடைய இடது கை அவனுக்குத்தான். எதிர்ப்பட்டவர்கள் தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்பார்கள். அவள் எப்படி இருக்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. ஊரில் அவளுக்குப் பெயரே அழகக்கா. வளர்ந்து காரைக்குடியில் டிசைன் வேலைக்குப் போனாள். போன ஐப்பசியில் அழகு காய்ச்சலில் இறந்தான். வந்தவர்கள் அம்மாவிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். பாரம் இறங்கியதா, கையே போய்விட்டதா என்று யோகலட்சுமிக்குப் பிடிபடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆச்சி, மகள் கல்யாணம் வருகிறது, அழகா ஒரு தரை வரைந்து கொடு என்றார். யோகலட்சுமி வீட்டில் அழகு என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். நேராக ஓடும் நீலக் கோடு ஒன்று, அதை ஒட்டியே விட்டு விட்டு இழுபடும் சிவப்புக் கோடு ஒன்று வரைந்தாள். கல் பதித்தவர்கள் ஏதோ பூக்கொடி என்று நினைத்தார்கள். பதித்து முடிந்ததும் ஆச்சி நடந்து பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, அழகாத்தான போடச் சொன்னேன்?"

"அழகைத்தான் போட்டிருக்கேன் ஆச்சி."

"நல்லாப் போட்ட போ. மாப்பிள்ளை வீட்டுக்காரவுக கையத் தூக்கிக்கிட்டு ஆமையாட்டம் வந்தா ஊரு சிரிக்காதா? நாளைக்குப் பேத்துருவாக."

"அதுக்கு முன்னாடி நான் ஒருக்கா நடந்துக்கிறேன்."

அவள் நடந்தாள். இடது கை தொங்கியே கிடந்தது. ஊருக்கெல்லாம் வந்தவன் அவளுக்கு வரவில்லை. திரும்பிவிடலாமா என்று நின்றபோது, முன்னாலிருந்து வேர்த்த கை ஒன்று அவளுடைய வலது கையைப் பிடித்து இழுத்தது. இப்போது இழுபட்டது அவளுடைய கால். இத்தனை காலமும் யார் யாரைக் கூட்டிப் போனார்கள் என்று அவளுக்குக் குழம்பிவிட்டது.

ஆச்சி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆத்தா, நீ எப்படி இருக்க?"

"தெரியல ஆச்சி."

தரையைப் பெயர்க்கவில்லை. தையில் மாப்பிள்ளை வீட்டார் இடது கையை உயர்த்தியபடி மெதுவாக உள்ளே வந்தார்கள். மேளக்காரர் அதற்கேற்பத் தாளத்தை இறக்கிக்கொண்டார். பந்திதான் கொஞ்சம் தாமதமானது.